கையில் கவனமா, பந்தில் கவனமா?

நீச்சல் பழகுபவரிடம் ‘கையைப் பின்னால் இழு’ என்றும் சொல்லலாம், ‘தண்ணீரைப் பின்னால் தள்ளு’ என்றும் சொல்லலாம். செய்ய வேண்டிய வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்டவர் தன் கையை நினைக்கிறார். இரண்டாவதைக் கேட்டவர் தண்ணீரை நினைக்கிறார். தேர்ந்த வீரர்கள் அல்லாத நீச்சல்காரர்களை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீரை நினைத்து நீந்தியபோது அவர்கள் கையை நினைத்து நீந்தியதைவிட வேகமாகப் போனார்கள். உடல் அதேதான், குளமும் அதேதான். மாறியது பயிற்சியாளர் சொன்ன ஒரு வாக்கியம்.

ஆட்டக்காரர் ஒரு செயலைச் செய்யப்போகும் நேரத்தில் அவர் மனத்தில் இருக்க வேண்டியது எது என்று சுட்டும் சிறு சொல்லைப் பயிற்சிக் குறிப்பு எனலாம். அது நீண்ட விளக்கமும் அல்ல, ஆட்டம் முடிந்தபின் சொல்லப்படும் திருத்தமும் அல்ல. இயக்கக் கற்றல் என்னும் துறை இத்தகைய குறிப்புகளை இரு வகையாகப் பிரிக்கிறது. முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, பாதம் என்று ஆட்டக்காரரின் உடலுறுப்பின்மேல் நினைவை நிறுத்துவது அகக் கவனம். அந்த உடலசைவு வெளியே உண்டாக்கும் விளைவின்மேல், அதாவது மட்டையின்மேல், பந்தின் பாதையின்மேல், தரையின்மேல், கூடையின் வளையத்தின்மேல் நிறுத்துவது புறக் கவனம். கிரிக்கெட்டில் ‘இடது முழங்கையை உயர்த்து’ என்பது முதல் வகை. ‘மட்டையின் முழு முகத்தையும் பந்துக்குக் காட்டு’ என்பது இரண்டாம் வகை. புறக் கவனம் என்றால் பராக்குப் பார்ப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மைதானத்துக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைக் கவனிப்பது புறக் கவனம் ஆகாது. கவனம் உடலைவிட்டு வெளியே போக வேண்டும், செய்யும் செயலைவிட்டு விலகிவிடக் கூடாது.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்பதை அறிய, அவருடைய மனம் அந்த நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1967இல் வெளிவந்த நூலில் திறன் கற்றலை மூன்று கட்டங்களாக வகுத்தார்கள். முதல் கட்டத்தில் கற்பவர் என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வோர் அசைவையும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிச் செய்கிறார். இரண்டாம் கட்டத்தில் பிழைகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மூன்றாம் கட்டத்தில் அசைவு தானாக நடக்கிறது; சைக்கிள் ஓட்டிக்கொண்டே பேசுவதுபோல மனம் வேறு வேலைக்கு ஓய்வாகிவிடுகிறது. முதல் கட்டத்தில் அந்த ஓய்வு கொஞ்சமும் இல்லை. மனிதரின் நடப்பு நினைவு ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளைத்தான் ஏந்தும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் மதிப்பிட்டார். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே அவ்வளவுதான் என்றால், எதிரே வரும் பந்தையும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு எவ்வளவு மிஞ்சும்?

பள்ளி மைதானத்தில் வாலிபால் சர்வீஸ் சொல்லிக்கொடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். ‘இடது காலை முன்னால் வை, பந்தை நேராகத் தூக்கிப் போடு, முழங்கையைப் பின்னால் கொண்டுபோ, உள்ளங்கையை விரி, மணிக்கட்டை மடக்கு, எடையை முன்காலுக்கு மாற்று’ என்று ஒரே மூச்சில் ஆறு கட்டளைகள் வந்து விழும். ஒவ்வொன்றும் சரியான கட்டளை. ஆனால் தூக்கிப் போட்ட பந்து காற்றில் இருப்பது ஏறத்தாழ ஒரு நொடி. கண்ணில் பட்டதற்கு விரலை அசைக்கவே ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். கை வீசும் வேளையில் பிழையை உணர்ந்து, யோசித்து, திருத்த அவகாசமே கிடையாது. மாணவர் ஆறில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார், மற்ற ஐந்தை விட்டுவிடுகிறார். ‘இவ்வளவு சொல்லியும் ஏறவில்லையே’ என்று ஆசிரியர் சலித்துக்கொள்கிறார். ஏறாததற்குக் காரணம் மாணவரின் மந்தம் அல்ல, ஆசிரியரின் தாராளம்.

உடலசைவை உறுப்பு உறுப்பாகக் கட்டளையிட்டு நடத்த முடியாது என்பதை முதலில் அழுத்தமாக எடுத்துக்காட்டியவர் ரஷ்ய உடலியங்கியல் அறிஞர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் (1896–1966). 1920களில் மாஸ்கோவில் இருந்த மத்தியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனத்தில், சுத்தியலால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் அசைவை அவர் படம்பிடித்து அளந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் அடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் அந்த அடிக்குத் துணைபோன தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவுகள் ஒவ்வோர் அடிக்கும் வேறுபட்டன. தோள் சற்று விலகினால் முழங்கை அதை ஈடுசெய்தது. முழங்கை பிசகினால் மணிக்கட்டு சரிக்கட்டியது. தோளிலிருந்து மணிக்கட்டுவரை மட்டுமே ஏழு வகையில் கையைத் திருப்பவும் மடக்கவும் முடியும். அவற்றை இயக்கும் தசைகள் பல. இவை அனைத்தையும் தனித்தனியே மேற்பார்வையிடும் வேலை நினைவுள்ள மனத்துக்குக் கட்டுப்படியாகாது. எது நடக்க வேண்டும் என்ற இலக்கு தெளிவாக இருந்தால், எப்படி என்பதை நரம்புமண்டலமே பெருமளவு பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கருத்தைப் பயிற்சிக் குறிப்போடு இணைத்துச் சோதித்தவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேப்ரியேலே வுல்ஃப். ஆய்வுக்கான பொறி தட்டியது இத்தாலியின் கார்டா ஏரியில். பாய்மரப் பலகையில் திசைதிரும்பப் பழகிக்கொண்டிருந்த அவர், பாதம் எங்கே இருக்கிறது, கை எவ்வளவு அழுத்துகிறது என்று கவனித்தபோதெல்லாம் தண்ணீரில் விழுந்தார். பலகையின் சாய்வை மட்டும் கவனித்தபோது திருப்பம் கைகூடியது. ஒருவரின் தற்செயல் அனுபவம் சான்றாகாது என்பதால் அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1998இல் வுல்ஃப் தன் இரு சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வில் இரண்டு சோதனைகள் இருந்தன. முதலாவதில் பனிச்சறுக்கைப்போல் இடமும் வலமுமாக ஆடும் மேடைமீது பழக்கமில்லாதவர்களை ஏற்றினார்கள். ஒரு குழுவிடம் வெளிப்புறப் பாதத்தால் அழுத்தச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் வெளிப்புறச் சக்கரத்தை அழுத்தச் சொன்னார்கள். சக்கரம் இருந்தது பாதத்துக்கு நேர் கீழே. அதாவது இரு குழுவும் செய்தது ஒரே செயல். கவனம் விலகியது சில அங்குலம்தான். சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். பாதத்தை நினைத்தவர்களோ பயிற்சி நேரத்தில், எந்தக் குறிப்பும் சொல்லப்படாத மூன்றாவது குழுவைவிடவும் பின்தங்கினார்கள். ஆராய்ச்சியாளர்களையே யோசிக்கவைத்த முடிவு இது: உடலைப் பற்றிய குறிப்பு பயனில்லாமல் போனது மட்டுமல்ல, வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மாணவர் அதைவிட நன்றாகச் செய்திருப்பார்.

இரண்டாவது சோதனை, நடுவில் அச்சு பொருத்திய பலகைமீது சமநிலையில் நிற்பது. அங்கும் பாதங்களை ஒரே மட்டத்தில் வைக்க முயன்றவர்களைவிட, பாதங்களுக்கு முன்னால் பலகையில் இட்டிருந்த அடையாளங்களை ஒரே மட்டத்தில் வைக்க முயன்றவர்கள் பின்னர் நடந்த தேர்வில் நிலையாக நின்றார்கள்.

அதன் பிறகு இதே கேள்வி பல விளையாட்டுகளில் கேட்கப்பட்டது. 1999இல் கோல்ஃப் ஆடியே இராதவர்களிடம் கைவீச்சையோ மட்டையின் வீச்சையோ கவனிக்கச் சொன்னபோது, மட்டையைக் கவனித்தவர்களின் பந்து இலக்குக்கு அருகில் விழுந்தது. அடுத்த நாள் குறிப்பே சொல்லாமல் ஆடவைத்தபோதும் அந்த வேறுபாடு நீடித்தது. 2010இல் ஜாரெட் போர்ட்டரும் சகாக்களும் 120 மாணவர்களை நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் செய்தார்கள். ‘முழங்காலை முடிந்தவரை விரைவாக நீட்டு’ என்று கேட்டவர்கள் சராசரியாக 177 சென்டிமீட்டர் தாண்டினார்கள். ‘தொடக்கக் கோட்டைவிட்டு முடிந்தவரை தூரம் தாண்டு’ என்று கேட்டவர்கள் 187 சென்டிமீட்டர் தாண்டினார்கள். புதிதாகத் தசை வளர்க்கவும் இல்லை, நுட்பம் கற்பிக்கவும் இல்லை. அந்த 10 சென்டிமீட்டர் ஏற்கெனவே காலில்தான் இருந்தது. பின்னர் இதே குழுவினர் எதிரே ஒரு கூம்பை வைத்து அதை நோக்கித் தாண்டச் சொன்னபோது தூரம் இன்னும் கூடியது.

காரணத்துக்கான தடயம் தசையிலேயே கிடைத்தது. கூடைப்பந்தில் தடையில்லா எறிதலை 2005இல் ஆராய்ந்தபோது, வீசுபவர்களின் கைத் தசைகளில் மின்முனைகளை ஒட்டி அளந்தார்கள். மணிக்கட்டை மடக்குவதில் கவனம் வைத்தபோது முன்புயத் தசையும் பின்புயத் தசையும் கூடுதலாக மின்துடிப்பைக் காட்டின. வளையத்தில் கவனம் வைத்தபோது துடிப்பு குறைந்தது, கூடையில் விழுந்த பந்துகள் கூடின. கவனம் உடலுக்குள் போனதும், தேவையில்லாத தசைகளும் சேர்ந்து இறுகிக்கொள்கின்றன. எதிரெதிராக இழுக்கும் இரு தசைகள் ஒருசேர இறுகினால் கை விறைக்கும். விறைத்த கை குறி தப்பும். புதிதாகக் கற்பவர்களின் அசைவில் தென்படும் மரக்கட்டைத்தனத்தில் ஒரு பங்கு இப்படி வந்து சேர்வது.

வுல்ஃப் குழுவினர் 2001இல் முன்வைத்த விளக்கத்தின்படி, உடலைக் கவனிக்கும் மனம் தானாக நடந்துகொண்டிருக்கும் திருத்தங்களில் குறுக்கிட்டு அவற்றைத் தடுக்கிறது. இதைச் சோதிக்க, சமநிலைப் பலகையில் நிற்பவர்களிடம் ஒலி கேட்டவுடன் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். புறக் கவனத்தில் இருந்தவர்கள் விரைவாக அழுத்தினார்கள். அதாவது சமநிலை காக்கும் வேலை அவர்கள் மனத்தில் குறைந்த இடத்தையே பிடித்திருந்தது. அவர்களின் பலகை சிறிய, விரைவான அசைவுகளால் இடைவிடாமல் சரிசெய்யப்பட்டது. அகக் கவனத்தில் இருந்தவர்களின் திருத்தங்கள் மெதுவாகவும் பெரிதாகவும் இருந்தன. 2003இல் அடையாளங்களைப் பாதத்திலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தபோது பயன் கூடியது. பாதத்தை ஒட்டியே இருக்கும் அடையாளம் பாதத்தையே நினைவூட்டிவிடுகிறது போலும்.

இதற்காகத் தொடக்கநிலையினரின் கவனத்தை எவ்வளவு தூரம் தள்ளினாலும் நல்லது என்று ஆகாது. 2000இல் நடந்த ஒரு கோல்ஃப் ஆய்வில், புதியவர்களுக்குப் பந்தின் பாதையையும் இலக்கையும் கவனிப்பதைவிட மட்டையைக் கவனிப்பதே உதவியது. தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கோ மட்டையைவிடப் பந்தின் பயணத்தைக் கவனிப்பது நன்றாக இருந்தது என்று 2009இல் வேறொரு குழு கண்டது. காரணம் ஊகிக்கக்கூடியதே. தேர்ந்தவருக்கு இலக்கு என்றால் அதற்குரிய வீச்சும் கூடவே வந்துவிடும். புதியவருக்கு இலக்கையும் வீச்சையும் இணைக்கும் பாதை இன்னும் போடப்படவில்லை. ஆகவே அவருக்குத் தேவை உடலுக்கு வெளியே, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஒன்று: மட்டை, ராக்கெட், கைவிட்டுக் கிளம்பும் பந்து.

உவமை சொல்லிக் கற்பிப்பது இந்த ஆய்வுகளோடு ஒட்டிய இன்னொரு கிளை. இதன் வேர் ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் வெளியிட்ட கோல்ஃப் சோதனையில் இருக்கிறது. குழிக்குள் பந்தை மெல்லத் தட்டிவிடும் ஆட்டத்தை இரு குழுக்கள் கற்றன. ஒரு குழுவுக்கு நுட்ப விதிகள் விரிவாகச் சொல்லப்பட்டன. மற்றக் குழுவினர் தட்டும்போதெல்லாம் எழுத்துகளை ஒழுங்கில்லாமல் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விதிகளை யோசிக்க அவர்களுக்கு மனம் மிஞ்சவில்லை. பயிற்சியின்போது விதி கற்றவர்களே மேலாக இருந்தார்கள். பிறகு பணத்தையும் மதிப்பீட்டையும் காட்டி அழுத்தம் கொடுத்தபோது, விதி கற்றவர்களின் முன்னேற்றம் நின்றுவிட்டது. விதி அறியாதவர்கள் முன்னேறிக்கொண்டே போனார்கள். பதற்றத்தில் மனிதர் தன் அசைவைத் தானே கண்காணிக்கத் தொடங்குகிறார். கண்காணிக்க விதிகள் கையில் இருந்தால் குழப்பமும் கூடுகிறது. தன்னையே கவனிப்பதால் ஆட்டம் கெடுவதை ராய் பாமைஸ்டர் 1984இலேயே சோதனைகளில் காட்டியிருந்தார். பயிற்சியில் அடிப்பவர் போட்டியில் சொதப்புவதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

எழுத்துகளை உளறவைத்து ஆட்டம் கற்பிப்பது மைதானத்தில் நடக்கிற காரியமல்ல. அதனால் பல விதிகளை ஒரே படத்துக்குள் அடக்கிவிடும் உவமையை மாஸ்டர்ஸ் குழுவினர் கையிலெடுத்தார்கள். 2001இல் மேசைப்பந்தில் மேற்சுழற்சி அடியைக் கற்பிக்க, மட்டை ஒரு செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தில் ஏறுவதாக நினைக்கச் சொன்னார்கள். மட்டையின் சாய்வு, தொடங்கும் உயரம், முடியும் இடம் எல்லாம் அந்த ஒரு படத்தில் வந்துவிட்டன. கற்றவர்கள் நன்றாக ஆடினார்கள். எப்படி ஆடுகிறீர்கள் என்று கேட்டால் விளக்கத் தெரியாமல் விழித்தார்கள். விளக்கத் தெரியாததே அழுத்தத்தில் அவர்களுக்குக் காப்பாக இருந்தது. ஆனால் இதே முக்கோணம் ஹாங்காங்கில் சீன மொழி பேசும் கற்பவர்களிடம் எடுபடவில்லை. மலைச்சரிவில் ஏறுவதுபோல் மட்டையைக் கொண்டுபோகச் சொன்னபோது எடுபட்டது. 2007இல் இது வெளியானது. கேட்பவரின் வாழ்வில் இல்லாத உவமை வெறும் ஓசை. ஆங்கிலப் பயிற்சி நூல்கள் ‘கடிகார ஊசல்’ என்று சொல்லும் இடத்தில், தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஊஞ்சல் என்று சொன்னால் கை தானாக வீசும். பயிற்சி முகாமில் கேட்ட உவமையை அப்படியே ஊருக்குக் கொண்டுவரும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாச் சான்றுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. 2002இல் சியன் பைலாக்கும் சகாக்களும் கால்பந்தைத் தட்டிக்கொண்டு கூம்புகளுக்கிடையே ஓடச் சொன்னார்கள். காலின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனிக்கச் சொன்னபோது தேர்ந்தவர்களின் வேகம் குறைந்தது. புதியவர்களுக்கோ, காதில் விழும் சொற்களைக் கவனிக்கச் சொன்னதைவிடக் காலைக் கவனிப்பதே உதவியது. தேர்ந்தவர்களே பழக்கமில்லாத காலால் ஆடியபோது புதியவர்களைப்போல் ஆனார்கள். இதைக் காட்டி, தொடக்கநிலையினருக்கு அகக் கவனமே ஏற்றது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. அந்தச் சோதனை காலையும் கவனச்சிதறலையும் ஒப்பிட்டது. காலையும் பந்தையும் ஒப்பிடவில்லை. அது நிறுவுவது ஒன்றைத்தான்: புதியவர் செயலின்மேல் கவனம் வைத்தே ஆக வேண்டும், பராக்கு அவருக்கு ஆகாது.

வேறு சில முடிவுகளை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. 2003இல் ஒரு கோல்ஃப் ஆய்வில் குறைந்த தேர்ச்சியுள்ளவர்களின் ஆட்டம், வீச்சைக் கவனித்தபோது இலக்கைக் கவனித்தபோதைவிடச் சீராக இருந்தது. அங்கே புறக் குறிப்பு தொலைவில் இருந்த இலக்கைச் சுட்டியது என்பது ஒரு சமாதானம். 2008இல் சிற்றம்பு (டார்ட்ஸ்) எறிதலில் பெரியவர்களுக்குப் புறக் கவனமும் சிறுவர்களுக்கு அகக் கவனமும் உதவியதற்கான அறிகுறி தென்பட்டது. சிறுவர்கள் தங்கள் உடலையே இன்னும் அறிந்துகொண்டிருப்பவர்கள் என்பது காரணமாக இருக்கலாம். குறுந்தூர ஓட்டத்தை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரர்களின் வேகம் அகக் குறிப்பால் குறைந்தது. நீண்ட அனுபவமுள்ள ஓட்டக்காரர்களுக்கு எந்தக் குறிப்பாலும் மாற்றமில்லை.

மொத்தக் கணக்கு என்ன என்பதில்தான் அண்மையில் சண்டை மூண்டிருக்கிறது. 2021இல் வுல்ஃப் இடம்பெற்ற குழு, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் புறக் கவனமே மேல் என்று அறிவித்தது. வயது, உடல்நலம், தேர்ச்சி எதுவாக இருந்தாலும் அப்படியே என்றது. 2024இல் அந்தத் தொகுப்பு வெளியான ஆய்விதழிலேயே பிராட் மெக்கேயும் சகாக்களும் வெளியிட்ட தொகுப்பு அதை மறுத்தது. எதிர்பார்த்த விளைவு கிடைத்த ஆய்வுகள் அச்சேறுகின்றன. கிடைக்காதவை மேசை இழுப்பறையில் தூங்குகின்றன. அச்சேறியவற்றை மட்டும் கூட்டினால் விளைவு ஊதிப்போகும். இந்த ஊதலைக் கணக்கியல் முறையில் கழித்துப் பார்த்தால் புறக் கவனத்தின் சாதகம் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்கு ஐயத்துக்குரியது என்பது அவர்களின் முடிவு. இந்தத் துறையின் பல சோதனைகள் ஒரு குழுவுக்கு இருபது பேர்கூட இல்லாமல் நடந்தவை. ஆகவே அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. 10 சென்டிமீட்டர் தாண்டுதலைப்போன்ற எண்களைக் கேட்டவுடன் மயங்குபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அதே நேரம், குறிப்பு எதுவானாலும் ஒன்றுதான் என்று இதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. ஒரே மூச்சில் ஆறு கட்டளை சொல்வது நல்லது என்று எந்தத் தரப்பும் கூறவில்லை.

ஆனால் மைதானங்களில் நடப்பது பெரும்பாலும் அதுவே. 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்கத் தேசியத் தடகளப் போட்டிக்கு வந்த 13 வீரர்களிடம் போர்ட்டரும் சகாக்களும் கேட்டபோது, 84.6 விழுக்காட்டினர் தங்கள் பயிற்சியாளர்கள் உடலசைவைச் சுட்டும் குறிப்புகளையே தருகிறார்கள் என்றார்கள். 13 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் எந்த மைதானத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்று கேட்டாலும் இதற்கு மாறாக இருக்காது. இதில் வியப்பில்லை. பயிற்சியாளரின் கண்ணில் படுவது மாணவரின் உடல். பிழை முழங்கையில் தெரிகிறது. படித்த உடற்கூறியலும் முழங்கையைத்தான் சொல்கிறது. வாயும் ‘முழங்கை’ என்கிறது. பிழையைக் கண்டறியப் பயன்படும் அறிவும் பிழையைத் திருத்தப் பயன்படும் சொல்லும் வேறு வேறு என்பது இங்கே மறந்துபோகிறது. மருத்துவர் நோயின் பெயரை அறிந்திருக்க வேண்டும். நோயாளிக்குத் தேவை மருந்து.

கண்டறிந்ததைப் புறக் குறிப்பாக மாற்றுவது பழகினால் கடினமல்ல. வாலிபால் சர்வீஸில் 2002இல் நடந்த ஆய்வு இதற்கு நல்ல மாதிரி. ‘எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்று’ என்பதற்குப் பதிலாக ‘எடையை இலக்கை நோக்கி நகர்த்து’ என்றார்கள். மணிக்கட்டை மடக்கச் சொல்வதற்குப் பதிலாக, கையில் ஒரு கிண்ணம் இருப்பதாக நினைத்து அதைக்கொண்டு பந்தைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். புதியவர்கள், பழகியவர்கள் இரு சாராருக்கும் பந்து துல்லியமாக விழுந்தது. உறுப்பின் பெயரை எடுத்துவிட்டு, அந்த உறுப்பு எதை நகர்த்துகிறதோ அதன் பெயரைப் போடுவதே இதன் வழி. உயரம் தாண்டுபவரிடம் காலை நீட்டச் சொல்வதைவிடத் தரையைக் கீழே தள்ளச் சொல்லலாம். குண்டு எறிபவரிடம் முழங்கையைப் பேசாமல், குண்டு எந்தக் கோட்டுக்கு மேல் பறக்க வேண்டும் என்று காட்டலாம். சொல்லே இல்லாமலும் குறிப்பு தரலாம். வலைக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் ஒரு கயிறு கட்டி அதற்கு மேலே பந்தை அனுப்பச் சொன்னால், பந்து வலையில் மோதும் பிழையைத் திருத்த வேறு பேச்சு வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கோடு, காலி பாட்டில், பழைய டயர் எல்லாம் இந்த வேலைக்கு உதவும். அரசுப் பள்ளி மைதானத்தில் கிடைக்காத பொருள் இதில் எதுவும் இல்லை.

காயம் தொடர்பான இடங்களில் கூடுதல் கவனம் தேவை. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிந்தால் மூட்டுத் தசைநார் கிழியலாம் என்பதால், அங்கே உடலை விளக்காமல் விட முடியாது. ஆனாலும் 2000இல் நியூசிலாந்தில் செய்த ஆய்வில், இறங்கும் சத்தத்தைக் கேட்டு அடுத்த முறை அதைக் குறைக்கச் சொன்னபோது உடலைத் தாக்கும் விசை குறைந்தது. எந்த மூட்டின் பெயரும் சொல்லத் தேவைப்படவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ், யோகாசனம் போன்றவற்றில் உடலின் வடிவமே இலக்கு. அங்கே மாற்றிச் சொல்லப் புறப்பொருள் எளிதில் அகப்படாது. உறுப்பைச் சொல்லியே தீர வேண்டிய தருணங்கள் அதிகம்.

எதைச் சொல்வது என்பதோடு எத்தனை முறை சொல்வது என்பதும் கணக்கில் வருகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தம் கேட்டுப் பழகியவர் அந்தத் திருத்தத்தையே ஊன்றுகோலாக்கிக்கொள்கிறார் என்று 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் எடுத்துரைத்தார்கள். 1990இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் நெம்புகோலை ஒரு குறிப்பிட்ட முறையில் அசைக்கக் கற்பித்தபோது, எல்லா முயற்சிக்கும் முடிவைக் கேட்டவர்களும் பாதி முயற்சிக்கு மட்டும் கேட்டவர்களும் பயிற்சியில் சமமாகவே இருந்தார்கள். மறுநாள் எதுவும் சொல்லாமல் சோதித்தபோது பாதி கேட்டவர்களே தேறினார்கள். இடைவெளியில் அவர்கள் தாங்களாகவே தங்கள் பிழையை உணரப் பழகியிருந்தார்கள். சொல்வது சுருக்கமாக இருப்பதும் உதவும். கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் 1974–75 பருவத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அணிக்குப் பயிற்சியளித்ததை இரு கல்வியாளர்கள் உட்கார்ந்து பதிவுசெய்தார்கள். 2,326 கற்பித்தல் செயல்களில் ஏறத்தாழ 75 விழுக்காடு என்ன செய்வது, எப்படிச் செய்வது என்ற செய்தி. பாராட்டும் கண்டிப்பும் தலா 7 விழுக்காட்டைத் தொடவில்லை. சொற்பொழிவு கிடையாது, சில நொடிகளில் முடியும் துணுக்குகள், உடனே மறுபடி ஆட்டம்.

பயிற்சியின்போது தெரியும் முன்னேற்றத்தை நம்பி ஒரு குறிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாஸ்டர்ஸின் சோதனையிலும் வின்ஸ்டீனின் சோதனையிலும் அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது பிறகு தோற்றது, அல்லது சமமாகத் தெரிந்தது பிறகு பிரிந்தது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் செய்வதை உடற்கல்வி ஆசிரியரும் செய்யலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரு குறிப்பும் மறுபாதிக்கு இன்னொன்றும் கொடுத்துப் பழக்கிவிட்டு, அடுத்த வாரம் இரு பாதியையும் எந்தக் குறிப்பும் சொல்லாமல் ஆடவிட்டு அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அளவுநாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.